பழைய காருக்குப் புது இன்ஜினா? முதல்ல ஆர்.சி. புத்தகத்தைத் திறங்க!

உங்க வீட்டு ஷெட்டில் ஒரு பிரீமியர் பத்மினியோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ தார்ப்பாய் மூடி நிற்கிறதா? அப்பாவோ தாத்தாவோ ஆசையாக வாங்கிய வண்டியாக இருக்கும். எடைக்குப் போட மனசு வராது. வெளியே எடுத்தால், அடுத்த சிக்னலுக்குள் சூடாகி நின்றுவிடும். அப்போது பட்டறையில் ஒரு யோசனை சொல்வார்கள்: "பேசாம மாருதி ஈக்கோ இன்ஜினைத் தூக்கிப் போட்டுடலாம் சார். புது வண்டி மாதிரி ஓடும்."

கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் இன்ஜினை வாங்கி, மாட்டி, பில்லோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போன பிறகு "இதை ஆர்.சி.யில் ஏற்ற முடியாது" என்று சொல்லிவிட்டால்? கையில் இருப்பது ரோட்டில் ஓட்ட முடியாத ஒரு கார். அதனால் வரிசையை மாற்றிப் போடுங்க: முதலில் சட்டம், அடுத்து இன்ஜின், கடைசியாகப் பட்டறை. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் தயாரிப்பாளர் பெயர், மாடல், சேசிஸ் எண், இன்ஜின் எண், இன்ஜினின் கன அளவு அதாவது 'சிசி', எரிபொருள் வகை எல்லாம் இருக்கும். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இவற்றில் பெரும்பாலானதை போனிலேயே பார்க்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு இதைத்தான் பாதுகாக்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் போகும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பு விவரங்களை மாற்றும் வகையில் வண்டியை மாற்றியமைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

மீறினால்? 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182-ஏ பிரிவுப்படி, அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

"அப்படின்னா இன்ஜினையே மாற்றக் கூடாதா?" என்று கேட்பீங்க. மாற்றலாம். பழுதான இன்ஜினை எடுத்துவிட்டு அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினைப் போடுவது ஒன்று. சிசியும் வகையும் வேறான இன்ஜினைப் போடுவது இன்னொன்று. முதலாவதில் மாறுவது இன்ஜின் எண் மட்டும்தான். பதிவு அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கி, புது எண்ணை ஆர்.சி.யில் பதிந்துகொள்ளலாம். இரண்டாவதில் தயாரிப்பாளரின் விவரமே மாறுகிறது. அங்கேதான் சிக்கல்.

வண்டிக்கு 50 வயசு ஆச்சா?

இன்னொரு கதவையும் பாருங்க. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, சொந்த உபயோக இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதிகளைக் கொண்டுவந்தது. மாநிலக் குறியீட்டுக்குப் பிறகு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும்.

ஆனால் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பத்மினி என்ற பெயரில் கார் வரத் தொடங்கியது 1970-களில். அந்தக் காலத்தின் முதல் வண்டிகள் இப்போதுதான் 50-ஐத் தொடுகின்றன. ஹெரால்டுகளில் பலவற்றுக்கு அந்த வயசு எப்போதோ தாண்டியாச்சு. இன்று ஈக்கோ இன்ஜினைப் போட்டால், நாளைக்கு இந்தத் தகுதி போய்விடும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. விண்டேஜாகப் பதிவு செய்தால் தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப் போக முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். ஆகவே தினசரி ஓட்டவா, பாரம்பரியமாகப் பாதுகாக்கவா என்பதை வீட்டில் உட்கார்ந்து முதலில் பேசி முடிவு செய்யுங்க.

இன்ஜின்தான் பழுதா? அதைச் சோதிங்க

சூடாகிறது, இழுவை இல்லை, காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. இந்த மூன்றுக்கும் காரணம் பல நேரம் இன்ஜின் இல்லை. ரேடியேட்டரில் படிந்த உப்பும் துருவும் சூட்டுக்குக் காரணமாகலாம். அடைத்துப்போன கார்புரேட்டர் இழுவையைக் குறைக்கும். தேய்ந்த பாயின்ட், பழைய காயில் ஸ்டார்ட்டிங்கைக் கெடுக்கும்.

மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், இன்ஜினின் உள்பாகம் இன்னும் பரவாயில்லை என்று அர்த்தம். ஒன்றில் மட்டும் குறைந்தால் வால்வு, ஹெட் கேஸ்கெட் பக்கம் பார்க்கணும். நான்கிலும் குறைந்தால் பிஸ்டன், ரிங், போர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். லேத் பட்டறையில் ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க் கிரைண்ட் செய்து, ஹெட் பேசிங் முடித்தால் அதே இன்ஜின் மறுபடி ஓடும். இன்ஜின் எண் மாறாது. ஆர்.சி.யில் எதையும் தொட வேண்டியதில்லை.

புது இன்ஜினில் நீங்க எதிர்பார்க்கும் சௌகரியத்தில் பாதி, இன்ஜினைச் சுற்றியுள்ள சின்னப் பொருட்களை மாற்றினாலே வந்துவிடும். பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் ஸ்டார்ட்டிங் சரியாகும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட்டால் இரவில் ஹெட்லைட் மங்காது. ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன் வைத்தால் நெரிசலில் சூடு அடங்கும். இவை எதுவும் இன்ஜின் எண்ணையோ சிசியையோ எரிபொருளையோ மாற்றுவதில்லை. ஆனால் விண்டேஜ் பதிவு உங்க எண்ணமாக இருந்தால், கழற்றிய மூலப் பொருட்களைப் பத்திரமாக எடுத்து வையுங்க.

எரிபொருளையும் மறக்காதீங்க. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய், கார்க் கேஸ்கெட் போன்றவை எத்தனாலில் கெட்டு ஒழுகலாம். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்க. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கில் தண்ணீர் சேராமல் பார்த்துக்கோங்க.

மாற்றியே ஆகணும்னா: நான்கு வழிகள்

முதல் வழி: அதே மாடலின் வேறொரு இன்ஜின். பிளாக் உடைந்துவிட்டது, வெல்டிங்கிலும் நிற்கவில்லை என்றால் இதுதான் பாதுகாப்பான வழி. பத்மினிக்கு 1,089 சிசி இன்ஜின், 948 சிசி ஹெரால்டுக்கு 948 சிசி இன்ஜின். மவுண்டிங், கியர்பாக்ஸ் எதையும் தொட வேண்டாம்.

இரண்டாவது வழி: அதே கம்பெனியின் வேறு இன்ஜின். பிரீமியர் நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த 118 என்.இ. காரில் நிசான் வடிவமைத்த 1,171 சிசி இன்ஜின் இருந்தது. அதைப் பத்மினியில் போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. "ஒரே கம்பெனிதானே, ஆர்.டி.ஓ.வில் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்பார்கள். அது சரியில்லை. சிசி மாறுகிறது, இன்ஜின் வகை மாறுகிறது. கம்பெனி ஒன்று என்பதால் மட்டும் அனுமதி கிடைத்துவிடாது.

மூன்றாவது வழி: வேறு கம்பெனியின் நவீன இன்ஜின். ஆசை அதிகம் இருப்பது இதில்தான். சட்டத்தில் இடம் மிகக் குறைவாக இருப்பதும் இதில்தான். பதிவு அதிகாரியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கையில் வராமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

நான்காவது வழி: அங்கீகரிக்கப்பட்ட மாற்று எரிபொருள் கிட். பேட்டரி, சி.என்.ஜி., எல்.பி.ஜி. போன்றவற்றில் ஓடும்படி கன்வர்ஷன் கிட் பொருத்துவதற்கு 52ஆம் பிரிவே விதிகளுக்கு உட்பட்டு இடம் தருகிறது. மின்சார கிட் என்றால் ஏ.ஐ.எஸ். 123 தரநிலைப்படி சோதனை முடிந்து சான்று பெற்றிருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., நம்ம ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை இத்தகைய சோதனை அமைப்புகள். கிட்டுக்குச் சான்று இருந்தால் மட்டும் போதாது. அந்தச் சான்று உங்க கார் வகைக்குப் பொருந்துகிறதா, பொருத்துபவர் அங்கீகாரம் பெற்றவரா என்பதையும் கேளுங்க. தேய்ந்துபோன இன்ஜினுக்கு சி.என்.ஜி. கிட் மருந்தாகாது என்பதையும் நினைவில் வையுங்க.

நவீன இன்ஜின் பொருந்துமா? கேட்க வேண்டிய கேள்விகள்

ஒப்புதல் கேட்டு விண்ணப்பிக்கும் முன் தொழில்நுட்பமாகவாவது சரிவருமா என்று தெரிந்துகொள்வது நல்லது. பட்டறையில் இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்க.

1. இன்ஜின் எந்தத் திசையில் உட்காரும்? பத்மினி, ஹெரால்டு இரண்டும் பின்சக்கர இழுவை வண்டிகள். இன்ஜின் நீளவாக்கில் இருக்கும். பின்னால் கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சில் என்று வரிசையாகப் போகும். ஸ்விஃப்ட், ஆல்டோ, ஐ10 போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் இன்ஜின் குறுக்கே இருக்கும், கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் அதோடு சேர்ந்தே இருக்கும். அதை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஈக்கோவின் 1,196 சிசி, ஜிப்சியின் 1,298 சிசி இன்ஜின்களைப் பலர் சொல்வதற்குக் காரணம், அவை நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்துக்கு விசை அனுப்பும் வண்டிகளில் இருப்பவை.

2. ஆயில் சம்ப் எங்கே இடிக்கும்? ஈக்கோவில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதன் சம்ப்பும் மேனிஃபோல்டும் அந்த இடத்துக்கு ஏற்ற வடிவில் செய்யப்பட்டவை. பத்மினியின் முன் கிராஸ் மெம்பர், ஸ்டீயரிங் கம்பிகள் இருக்கும் இடத்தில் இடித்தால் சம்ப்பை வெட்டி ஒட்ட வேண்டிவரும். கிராஸ் மெம்பரை வெட்டுகிறேன் என்று சொன்னால் அந்த இடத்திலேயே 'வேண்டாம்' என்று சொல்லிடுங்க.

3. கியரும் ஆக்சிலும் ஒத்துப்போகுமா? ஒரு கணக்கு பார்ப்போம். பின் ஆக்சில் விகிதம் 4.3, டயர் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. நேரடி டாப் கியரில் மணிக்கு 80 கி.மீ. போக இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,200 முறை சுற்ற வேண்டும். 0.8 விகிதமுள்ள ஐந்தாவது கியர் இருந்தால் அதே வேகத்துக்குச் சுமார் 2,550 சுற்று போதும். சத்தம், பெட்ரோல் இரண்டும் குறையும். அதனால் இன்ஜினைத் தனியாக வாங்காமல் அதன் கியர்பாக்ஸோடு பார்க்கணும். ஷாஃப்ட்டின் நீளம் மாறும், அதை பேலன்ஸ் செய்யணும்.

4. பெட்ரோல் எப்படிப் போகும்? பழைய மெக்கானிக்கல் பம்ப் கார்புரேட்டருக்குக் கொடுப்பது மிகக் குறைந்த அழுத்தம். இன்ஜெக்‌ஷன் இன்ஜினுக்குச் சுமார் 3 பார் அழுத்தம் வேண்டும். எலக்ட்ரிக் பம்ப், அழுத்தம் தாங்கும் குழாய், தேவைப்பட்டால் ரிட்டர்ன் லைன் எல்லாம் புதிதாக வரணும். இதில் சிக்கனம் பார்த்தால் தீவிபத்துதான்.

5. இ.சி.யு.வும் வயரிங்கும் முழுசா கிடைக்குமா? இன்ஜின் மட்டும் வந்து இ.சி.யு. வராவிட்டால் பயனில்லை. அந்த வண்டியில் இம்மொபிலைசர் இருந்தால் அதன் சாவியும் சேர்ந்தே வர வேண்டும். ஆக்சிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும்கூட வரணும்.

6. பிரேக் தாங்குமா? பத்மினி இன்ஜினின் சக்தி சுமார் 40 குதிரைத்திறன். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஈக்கோவின் 1,196 சிசி இன்ஜின் 73 குதிரைத்திறன். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தியைக் கொடுத்துவிட்டு பழைய பிரேக்கிலேயே ஓட்டுவது உங்களுக்கும் ஆபத்து, எதிரே வருபவருக்கும் ஆபத்து. பிரேக்கை மாற்றுவது இன்னொரு மாற்றம், அதற்கும் ஒப்புதல் கேட்கணும்.

செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வாங்கறீங்களா?

அதே மாடல் இன்ஜின் வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். விலை மலிவு என்று காகிதம் இல்லாத இன்ஜினை வாங்கினால், அது திருட்டு வண்டியின் இன்ஜினாக இருக்கலாம். விசாரணை உங்க வீட்டுக்குத்தான் வரும்.

விற்பவரிடம் இன்ஜின் எண் எழுதிய பில் கேளுங்க. அது எந்த வண்டியிலிருந்து எடுத்தது, அந்த வண்டியின் ஆர்.சி. நகல் இருக்கா, அந்த ஆர்.சி. ரத்து செய்யப்பட்டதா என்று கேளுங்க. பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்திலிருந்து வந்ததென்றால் அந்த வண்டியை அழித்ததற்கான சான்று இருக்கும். இன்ஜின் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணைப் போனில் தெளிவாகப் படம் எடுத்துக்கோங்க. எண் உரசப்பட்டிருந்தாலோ, மேலே மறுபடி அடித்தது போல் தெரிந்தாலோ வாங்கவே வேண்டாம். திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்பதை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய சேவையில் இன்ஜின் எண், சேசிஸ் எண் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செய்ய வேண்டியவை

ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கா? அப்படியானால் அதைத்தான் முதலில் முடிக்கணும். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்திருந்தாலும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆர்.சி. புத்தகம் எல்லாவற்றோடும் அலுவலகத்தை அணுகுங்க.

அடுத்து, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்க. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை படிவம் 25 மூலம் புதுப்பிக்கணும். பசுமை வரியும் உண்டு. கட்டணம் வண்டியின் வயசைப் பொறுத்து மாறுவதால் பரிவாகன் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கோங்க. பழைய எழுத்து வரிசை எண் கொண்ட வண்டி இணையத்தில் வரவில்லை என்றால் பதற வேண்டாம். அசல் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி, பழைய பதிவைக் கணினியில் ஏற்றித் தரும்படி அலுவலகத்தில் கேட்கலாம்.

இவை முடிந்த பிறகு, என்ன மாற்றப்போறீங்க என்று எழுதி ஒப்புதலுக்கு விண்ணப்பிங்க. பழைய இன்ஜின் விவரம், புது இன்ஜின் விவரம், காரணம், பட்டறையின் விவரம் எல்லாம் இருக்கட்டும். வாய்மொழி பதிலை நம்பி வேலையைத் தொடங்காதீங்க. ஒப்புதல் வந்து மாற்றம் முடிந்ததும், மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார். அதன் பிறகுதான் புது எண் ஆர்.சி.யில் ஏறும். முன் ஒப்புதல் இல்லாமல் ஏற்கெனவே மாற்றம் நடந்திருந்தால், 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. தெரிவிப்பதாலேயே அந்த மாற்றம் ஏற்கப்பட்டுவிடும் என்று அர்த்தமில்லை.

காப்பீடும் புகைச் சான்றும்

ஆர்.சி. மாறிய அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிங்க. பாலிசியில் ஒரு இன்ஜின் எண், வண்டியில் இன்னொரு எண் என்றால் விபத்து நேரத்தில் இழப்பீடு கிடைப்பதில் பிரச்சினை வரும். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் சிசியைப் பொறுத்தது: 1,000 சிசி வரை ஒரு கட்டணம், 1,000-இலிருந்து 1,500 வரை வேறு கட்டணம். 948 சிசி ஹெரால்டில் 1,196 சிசி இன்ஜின் வந்தால் பிரிவே மாறிவிடும்.

புகைச் சான்றும் புதிதாக எடுங்க. 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான 4 ஸ்ட்ரோக் நான்கு சக்கர பெட்ரோல் வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம்.-க்குள்ளும் இருக்க வேண்டும். கார்புரேட்டரை ஒழுங்காக டியூன் செய்த பழைய இன்ஜினே இதைத் தாண்டிவிடும்.

பட்டறைக்குக் கிளம்பும் முன் போனில் இந்த ஐந்தையும் சரிபாருங்க:

* ஆர்.சி. உங்க பெயரில், செல்லுபடியாகும் நிலையில் இருக்கா?
* வண்டிக்கு 50 வயசு நெருங்குதா, விண்டேஜ் பதிவு வேண்டுமா?
* கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தாச்சா?
* வாங்கப்போகும் இன்ஜினுக்கு பில்லும் சுத்தமான எண்ணும் இருக்கா?
* பதிவு அதிகாரியின் ஒப்புதல் எழுத்தில் கைக்கு வந்ததா?

ஐந்தாவதுக்கு 'ஆம்' என்ற பதில் வரும்வரை பழைய இன்ஜின் வண்டியிலேயே இருக்கட்டும். அதைத் தேற்றி எடுக்கத்தான் நம்ம ஊரில் நல்ல லேத் பட்டறைகள் இருக்கே!